பேயையும் குறுக்கு விசாரணை செய்தவர்: ரிச்சர்ட் மாதிசன்

ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். அதில் இரண்டாவது, அமானுஷ்ய சக்திகளுக்குக் கதையில் இடமே கூடாது என்பது. நான்காவது, இதுவரை யாரும் கண்டுபிடிக்காத விஷம் கூடாது, கடைசியில் நீளமாக அறிவியல் விளக்கம் சொல்லவேண்டிய கருவியும் கூடாது என்பது. பேய்க்கும் தடை, புது விஞ்ஞானத்துக்கும் தடை. காரணம் நியாயமானதுதான். துப்பறியும் கதை என்பது எழுத்தாளருக்கும் வாசகருக்கும் நடக்கிற போட்டி. எல்லாத் துப்புகளும் வாசகர் கண்முன்னால் இருக்கவேண்டும். பூட்டிய அறைக்குள் புகுந்து கொன்றது ஆவி என்று கடைசிப் பக்கத்தில் சொன்னால், அதுவரை மூளையைக் கசக்கிய வாசகர் ஏமாந்துபோவார்.

அறிவியல் புனைகதைக்காரர்களிடமும் இதே சந்தேகம் இருந்தது. எதிர்காலத்தில் நடக்கிற துப்பறியும் கதை சாத்தியமே இல்லை என்று பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பல் கருதினார். துப்பறிகிறவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாயக் கருவியை எடுத்து நீட்டினால் கதை முடிந்துவிடும் என்ற கவலை. அதைப் பொய்யாக்கிக் காட்டவே ஐசக் அசிமோவ் மனிதத் துப்பறிவாளர் ஒருவரையும் ரோபோ ஒன்றையும் ஜோடி சேர்த்து ஒரு கொலைவழக்கை எழுதினார். அது புத்தகமாக வந்தது 1954இல். ஆனால் அசிமோவ் பேயைத் தொடவில்லை. அதே 1954இல் ரிச்சர்ட் மாதிசன் என்ற 28 வயது இளைஞர் மூன்றையும் ஒரே நாவலில் கொண்டுவந்தார். அறிவியல் இருந்தது, துப்பறிதல் இருந்தது, ரத்தக்காட்டேரியும் இருந்தது.

மாதிசன் 1926 பிப்ரவரி 20 அன்று நியூ ஜெர்சியில், நார்வேயிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். வளர்ந்தது புரூக்ளினில். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவில் காலாட்படை வீரராக இருந்தார். திரும்பி வந்து மிசூரி பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். இந்த இதழியல் படிப்பை நான் முக்கியமாக நினைக்கிறேன். அவருடைய உரைநடையில் அலங்காரமே கிடையாது. யார், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன பார்த்தான் என்று ஒரு நிருபர் எழுதுவதுபோல எழுதுவார். நம்பமுடியாத விஷயத்தைச் சொல்ல அந்த மொழிதான் சரி.

1950இல் வந்த முதல் சிறுகதையிலேயே அவருக்குப் பெயர் கிடைத்தது. நிலவறையில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்ட ஒரு விநோதப் பிறவி, அரைகுறை மொழியில் எழுதும் நாட்குறிப்பு அது. அப்புறம் 1953இல் வந்த முதல் நாவல் அறிவியல் புனைகதையும் அல்ல, பேய்க்கதையும் அல்ல. கொலையும் சந்தேகமும் நிறைந்த குற்றக்கதை. அந்த நாட்களில் அமெரிக்காவில் 25 சென்ட்டுக்கு விற்ற கெட்டி அட்டையில்லாத புத்தகங்கள் பெரும் சந்தையாக இருந்தன. அவற்றில் எழுதுகிறவர் முதல் பக்கத்திலேயே வாசகரைப் பிடித்தாக வேண்டும். மாதிசன் அங்கேதான் தொழில் கற்றார். பின்னால் பேயைப் பற்றி எழுதும்போதும் குற்றக்கதைக்காரரின் கை அவரிடம் இருந்துகொண்டே இருந்தது.

இன்னொரு பின்னணியையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்து அமெரிக்காவில் அமானுஷ்யம் என்பது பாட்டி கதையாக மட்டும் இருக்கவில்லை, ஆய்வுக்கூடத்துக்குள்ளும் நுழைந்திருந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் என்பவர் புலன்கடந்த அறிவு உண்டா என்று சீட்டுகளை வைத்துச் சோதனை செய்தார். ஐந்து வகைச் சின்னங்கள், வகைக்கு ஐந்தாக 25 சீட்டுகள். கண்ணால் பார்க்காமல் குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும். அதைவிடத் தொடர்ந்து அதிகமாக வந்தால் ஏதோ இருக்கிறது என்பது அவர் வாதம். 1934இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். சோதனைகளில் ஓட்டைகள் இருந்ததாகவும், மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை என்றும் விஞ்ஞானிகள் பலர் சொன்னார்கள். ஆனால் பொதுமக்கள் மனத்தில் ஒரு கதவு திறந்துவிட்டது. பேயைப் பற்றிப் பேசவும் புள்ளிவிவரம் உண்டு என்ற எண்ணம் வந்துவிட்டது. அறிவியல் புனைகதைக்கென்று 1953இல் முதல்முதலாக வழங்கப்பட்ட ஹ்யூகோ விருதே, மனத்தைப் படிக்கிற போலீஸ்காரரைப் பற்றிய ஆல்ஃபிரட் பெஸ்டரின் நாவலுக்குத்தான் போனது. வாசகர்கள் தயாராக இருந்தார்கள்.

சரி, அந்த 1954 நாவலுக்கு வருவோம். பெயர் 'ஐ ஆம் லெஜண்ட்'. விடலைப் பருவத்தில் டிராகுலா படம் பார்த்தபோது மாதிசனுக்கு ஒரு யோசனை வந்ததாம். ஒரு ரத்தக்காட்டேரியே இவ்வளவு பயமுறுத்தினால், உலகம் முழுக்க ரத்தக்காட்டேரிகளாக இருந்தால்? கதை 1976 ஜனவரியில், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் சிமரான் தெருவில் தொடங்குகிறது. ராபர்ட் நெவில் ஒருவன்தான் மிச்சம். பகலில் வீட்டைப் பழுதுபார்க்கிறான், பூண்டு கட்டித் தொங்கவிடுகிறான், மர ஆப்பு சீவுகிறான். இரவானதும் வெளியே கூட்டம் சேர்ந்துவிடும். முன்னாள் பக்கத்துவீட்டுக்காரன் பென் கார்ட்மன், 'வெளியே வா, நெவில்!' என்று தினமும் கத்துகிறான். நடமாட்டம் முழுக்க அன்றாடத் தெருவில், கதாநாயகன் சாதாரணத் தொழிலாளி. மலைக்கோட்டையும் பிரபுவும் இல்லை.

நெவில் மற்றப் பேய்க்கதை நாயகர்களிடமிருந்து வித்தியாசப்படுவது ஒரு இடத்தில். பூண்டு வேலை செய்கிறது என்பதோடு அவன் திருப்தியடையவில்லை. ஏன் வேலை செய்கிறது என்று கேட்கிறான். நூலகத்துக்குப் போகிறான், புத்தகங்களை வாரிக்கொண்டு வருகிறான், தானாகவே மருத்துவம் படிக்கிறான். மைக்ராஸ்கோப் ஒன்றை எடுத்துவந்து, அது மட்டமான கருவி என்று தெரிந்ததும் வேறு நல்லதாகத் தேடுகிறான். பூண்டின் சாரத்தை ரத்தக்காட்டேரியின் உடலில் ஊசியால் ஏற்றிப் பார்க்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. அப்படியானால் விஷயம் சாரத்தில் இல்லை, வாசனையில் இருக்கவேண்டும். ஒரு யூகம், ஒரு சோதனை, தோல்வி, அடுத்த யூகம் என்றே போகிறது. இது துப்பறியும் கதையின் நடை. ஒரே வித்தியாசம், குற்றவாளி மனிதன் அல்ல, ஒரு நாட்டார் நம்பிக்கை. அதைக் கூண்டில் ஏற்றி ஒவ்வொரு சாட்சியமாகக் கேட்கிறான்.

கடைசியில் ரத்தத்துளியில் ஒரு பாக்டீரியா அகப்படுகிறது. அதன்பிறகு பழைய நம்பிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் கணக்கு நேராகிறது. துப்பாக்கிக் குண்டு ஏன் கொல்வதில்லை? கிருமி சுரக்கிற ஒரு பிசின் காயத்தை உடனே அடைத்துவிடுகிறது. மர ஆப்பு ஏன் கொல்கிறது? காயத்தைத் திறந்தே வைத்து, காற்றை உள்ளே விடுகிறது. காற்றில்லாத இடத்தில் உடலோடு ஒத்துவாழ்ந்த கிருமி, காற்றுப் பட்டதும் உடலையே தின்னத் தொடங்குகிறது. வெயில் ஏன் ஆகாது? கிருமிக்கு ஆகாது. இந்த விளக்கங்களை இன்றைய நுண்ணுயிரியல் மாணவர் ஒருவர் பிரித்து மேயலாம். ஆனால் கதைக்குள் அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. எது நெஞ்சில் ஆப்பாக இறங்கவேண்டும் என்பதற்குக்கூடக் காரணம் சொல்லவேண்டும் என்று நினைத்த முதல் பேய்க்கதைக்காரர்களில் அவர் ஒருவர்.

என்னை மிகவும் கவர்ந்தது சிலுவை விவகாரம். பாக்டீரியாவுக்கு மதம் கிடையாது. அப்புறம் ஏன் சிலுவையைக் கண்டு பயப்படவேண்டும்? நெவில் பென் கார்ட்மனிடம் சோதித்துப் பார்க்கிறான். கார்ட்மன் யூதன். சிலுவை அவனை ஒன்றும் செய்யவில்லை. யூதர்களின் வேதமான தோராவைக் காட்டினால் நடுங்குகிறான். ஆக, பயம் கிருமியில் இல்லை, அந்த மனிதன் முன்பு எதை நம்பினானோ அதில் இருக்கிறது. தான் என்னவாக மாறிவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சி அவனைப் பிடித்து ஆட்டுகிறது. ஒரே நோய்க்குப் பாதி விளக்கம் உடலில், பாதி விளக்கம் மனத்தில். அறிவியல் எங்கே நிற்கும், அதற்குமேல் எது தொடரும் என்று கோடு கிழித்துக் காட்டுகிற இடம் இது.

விளக்கம் கிடைத்தால் பயம் குறையும் என்றுதான் நாம் நினைப்போம். மாதிசனிடம் நேர்மாறு. வெளியே நிற்பவை பேய்கள் என்றால் ஆப்பு அறைவதில் பாவம் ஒன்றுமில்லை. அவர்கள் நோயாளிகள் என்று நிரூபித்துவிட்டால்? நெவிலின் பகல்வேலை முழுவதும் கொலைக்கணக்காக மாறுகிறது. நாவல் இதை முன்பே லேசாகக் காட்டிவிடுகிறது. சோதனைக்கு ஏன் எப்போதும் பெண்களையே தேர்ந்தெடுக்கிறாய் என்று அவனே தன்னைக் கேட்டுக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. விசாரணை செய்கிறவன் மெல்ல விசாரிக்கப்படுகிறவனாக ஆகிறான். முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். நோயோடு உயிர்வாழக் கற்றுக்கொண்ட ஒரு புதிய மக்கள் கூட்டம் உருவாகியிருக்கிறது. நெவில் பகலில் கொன்றவர்களில் அவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளுக்கு, தூங்கும்போது வந்து கொல்கிற கட்டுக்கதை அரக்கன் இனி அவன்தான். பேய் யார் என்ற கேள்விக்கு விடை மாறிவிட்டது. கண்டுபிடித்தவனும் அவனே.

இந்த நாவலைப் படித்துவிட்டு ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்திலிருந்துதான் 1968க்குப் பிறகான ஜாம்பி படங்களின் பெருவெள்ளம் தொடங்கியது. தன்னை அதிகம் பாதித்த எழுத்தாளர் மாதிசன்தான் என்று ஸ்டீபன் கிங் சொல்லியிருக்கிறார்.

அடுத்து 1956இல் சுருங்கிக்கொண்டே போகும் மனிதனின் கதை வந்தது. அதன் பொறி ஒரு நகைச்சுவைப் படத்தில் கிடைத்தது. ஒருவர் அடுத்தவர் தொப்பியை எடுத்துப் போட, அது காதுவரை இறங்கிவிடுகிறது. சொந்தத் தொப்பியே இப்படி இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தார். கதையில் அதற்குக் காரணம் கதிரியக்க மேகமும் பூச்சிமருந்தும். நெவாடாவில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. வாசகர்களுக்கு அந்தப் பயத்தை விளக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

1958இல் வந்த 'எ ஸ்டிர் ஆஃப் எக்கோஸ்' மூன்றையும் வேறு விகிதத்தில் சேர்த்தது. இரண்டு வருடம் முன்புதான் அமெரிக்கா முழுக்க மனோவசியப் பித்துப் பிடித்திருந்தது. மனோவசியத்தில் ஆழ்த்தப்பட்ட ஒரு பெண், முற்பிறவியில் தான் அயர்லாந்தில் பிரைடி மர்ஃபியாக வாழ்ந்ததாகச் சொன்ன கதை புத்தகமாக வந்து சக்கைப்போடு போட்டது. விருந்துகளில் ஒருவரையொருவர் மனோவசியம் செய்து பார்ப்பது பொழுதுபோக்கானது. மாதிசன் அந்த விருந்திலிருந்தே கதையைத் தொடங்குகிறார். டாம் வாலஸ் என்ற சாதாரணக் குடும்பஸ்தனை, விளையாட்டாக, மைத்துனன் மனோவசியம் செய்கிறான். எல்லோரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அன்றிரவு டாம் தூக்கம் வராமல் வரவேற்பறைக்கு வருகிறான். அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள்.

அதன்பிறகு நாவல் ஒரு கொலைமர்மமாக நகர்கிறது. அவள் யார், எப்படிச் செத்தாள், இந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்? வழக்கமான துப்பறிவாளர் துப்புகளைத் தேடிப்போவார். டாமுக்கோ அவை கேட்காமலே மண்டைக்குள் வந்து விழுகின்றன. அக்கம்பக்கத்தாரின் எண்ணங்கள், ஆசைகள், ரகசியங்கள் எல்லாம் தெரிந்துவிடுகின்றன. ஆனால் எது துப்பு, எது வெறும் இரைச்சல் என்று பிரிக்கத் தெரியவில்லை. நாக்ஸ் பாதிரியாரின் தடைக்கு இது நேர்மையான பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. அமானுஷ்யம் விடையைக் கொடுக்கக் கூடாது, கேள்வியை மட்டும் கொடுக்கவேண்டும். விடையை மனிதன்தான் உழைத்துக் கண்டுபிடிக்கவேண்டும். அப்படி வைத்துக்கொண்டால் வாசகர் ஏமாறுவதில்லை.

இதே விதியை அவர் மிகத் துல்லியமாகப் பிடித்தது 1971இல் வந்த 'ஹெல் ஹவுஸ்' நாவலில். சாகப்போகிற கோடீஸ்வரர் ஒருவருக்கு மரணத்துக்குப்பின் ஏதாவது உண்டா என்று தெரியவேண்டும். ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் பேசி மூன்று பேரை மெய்ன் மாநிலத்தில் உள்ள பெலாஸ்கோ மாளிகைக்கு அனுப்புகிறார். ஒரே வாரம் கெடு. 1931இலும் 1940இலும் அங்கே ஆய்வுக்குப் போனவர்கள் செத்தோ சித்தம் கலங்கியோ முடிந்திருக்கிறார்கள். இப்போது போகிறவர்களில் பாரெட் இயற்பியலாளர். ஆவி என்று எதுவும் இல்லை, மனிதர்கள் விட்டுச்சென்ற மின்காந்த சக்திதான் வீட்டில் தேங்கியிருக்கிறது என்பது அவர் கட்சி. ஃபிளாரன்ஸ் டானர் ஆவிகளோடு பேசும் மீடியம். துன்பப்படும் ஆத்மாக்களுக்கு அன்பு காட்டினால் விடுதலை கிடைக்கும் என்று நம்புகிறவர். மூன்றாமவர் ஃபிஷர், 1940இல் தப்பிப்பிழைத்தவர். எதற்கும் மனத்தைத் திறக்காமல் வாரத்தை ஓட்டிவிட்டுப் பணத்தோடு போய்விட நினைக்கிறார். பாரெட்டின் மனைவியும் கூட வருகிறார்.

இந்த நாவலில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் காட்சி ஒன்று. இருட்டறையில் மீடியத்தின் உடலிலிருந்து வெண்மையான ஒரு பொருள் வழிந்து வெளியே வருகிறது. மற்ற எந்தப் பேய்க்கதையிலும் அந்த நேரத்தில் யாராவது அலறுவார்கள். பாரெட் நிதானமாக, தயவுசெய்து ஜாடியில் கொஞ்சம் மாதிரி விட்டுச்செல்லவும் என்கிறார். அது ஜாடிக்குள் போகிறது. அவர் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறார். 1954இல் நெவில் செய்ததன் அடுத்த படி இது. அங்கே ஒருவன் பேயைக் கிருமியாகக் கண்டான். இங்கே பேயே ஆய்வுக்கு மாதிரி கொடுக்கிறது. உறைய வைக்கும் நிகழ்ச்சியை ஆய்வக நடைமுறையாக எழுதும்போது அது இன்னும் உறுத்துகிறது. ஏனென்றால் இப்போது அதைப் பிரமை என்று தள்ளிவிட வழியில்லை, ஜாடியில் இருக்கிறது.

பாரெட் ஒரு பெரிய இயந்திரம் கொண்டுவருகிறார். வீட்டில் தேங்கிய சக்தியை எதிர்ச்சக்தியால் அழிக்கும் கருவி. நாவலைப் படிக்காதவர்கள் இங்கே இரண்டு பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம்.

இயந்திரம் வேலை செய்கிறது. வீடு சுத்தமாகிவிட்டது என்று ஃபிஷரே உணர்கிறார். அப்புறம் பாரெட் செத்துப்போகிறார். ஃபிளாரன்ஸ் அதற்கு முன்பே செத்துவிட்டார், ஆனால் ரத்தத்தால் ஒரு துப்பை வரைந்துவிட்டுப் போயிருக்கிறார். விஞ்ஞானமும் தோற்றது, நம்பிக்கையும் தோற்றது. மிஞ்சியது ஃபிஷர், அவர் கையில் இருப்பது பழைய துப்பறியும் முறை மட்டும். வீட்டில் பல பேய்கள் உலவுவதாக இதுவரை எல்லோரும் நினைத்தார்கள். பல பேய்கள் இல்லை. ஒருவனே, எமரிக் பெலாஸ்கோ, பல வேடம் போட்டிருக்கிறான். ராட்சதன் என்று பெயரெடுத்த பெலாஸ்கோ உண்மையில் குள்ளமானவன். உயரமாகத் தெரிவதற்காகத் தன் கால்களையே வெட்டிச் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டவன். அவன் உடல் இருக்கும் ரகசிய அறை முழுக்க ஈயத் தகடு அடித்திருக்கிறது. மின்காந்த அலையை ஈயம் தடுக்கும் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பாரெட்டின் இயந்திரம் அந்த ஒரு அறையைத் தொடவே இல்லை.

ஆகவே பாரெட் சொன்னது சரி, அது சக்திதான். ஃபிளாரன்ஸ் சொன்னதும் சரி, அங்கே ஒரு ஆள் இருந்தான். இரண்டு பேரிடமும் பாதிப் பாதி விடை இருந்தது. அடுத்தவரிடம் உள்ள பாதியை ஏற்க இருவருக்கும் மனமில்லை. அறிவியல், அமானுஷ்யம், மர்மம் மூன்றையும் வெறுமனே கலக்கியடித்த நாவல்கள் ஏராளம். அவற்றில் ஏதாவது ஒன்று மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். கடைசியில் எல்லாம் மோசடி என்று முடியும், இல்லாவிட்டால் எல்லாம் ஆவியின் வேலை என்று முடியும். இங்கே ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று நிரப்புகிறது. ஒரு குறையையும் சொல்லவேண்டும். நாவலின் பெண் பாத்திரங்கள் மீது நிகழும் பாலியல் வன்முறை கதைக்குத் தேவையானதைவிட மிக அதிகம். இன்று படிக்கும்போது சில அத்தியாயங்கள் கசக்கின்றன.

தொலைக்காட்சிக்கும் அவர் நிறைய எழுதினார். 1972இல் ஒளிபரப்பான 'தி நைட் ஸ்டாக்கர்' படத்தில் லாஸ் வேகஸில் தொடர்கொலைகள். துப்புத்துலக்குவது கோல்சாக் என்ற பத்திரிகை நிருபர். கொலையாளி ரத்தக்காட்டேரி. ஜெஃப் ரைஸ் எழுதிய, அப்போது அச்சாகாத நாவலை மாதிசன் திரைக்கதையாக்கினார். மர்மக்கதை எழுத்தாளர்கள் அமைப்பு வழங்கும் எட்கர் விருது அதற்குக் கிடைத்தது. அமானுஷ்யத்தைத் தள்ளிவைத்தே பழகிய துறை, ரத்தக்காட்டேரிக் கதைக்குத் தன் விருதைக் கொடுத்தது. சிறுவயதில் இதைப் பார்த்த கிறிஸ் கார்ட்டர் பின்னாளில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரை உருவாக்கினார். நம்புகிற ஒருவர், நம்பாத ஒருவர், நடுவில் ஒரு வழக்கு என்ற அந்தத் தொடரின் அமைப்பைப் பார்த்தால் பெலாஸ்கோ மாளிகையில் பாரெட்டும் ஃபிளாரன்ஸும் போட்ட சண்டைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

1978இல் மரணத்துக்குப் பின்னான உலகத்தைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். 'வாட் டிரீம்ஸ் மே கம்' என்று பெயர். பாத்திரங்கள் மட்டும்தான் கற்பனை, மற்ற விவரங்கள் எல்லாம் ஆராய்ச்சியிலிருந்து எடுத்தவை என்று முன்னுரையில் சொல்லி, பின்னால் படித்த புத்தகங்களின் நீண்ட பட்டியலும் கொடுத்தார். அவர் மனப்பூர்வமாக நம்பி எழுதிய புத்தகம் அது, அதில் ஆறுதல் கண்ட வாசகர்கள் ஏராளம். அந்த நேர்மையை மதிக்கிறேன். இருந்தாலும் நாவலாக அது ஒரு படி கீழேதான். விடை முன்பே தெரிந்துவிட்டது, விசாரணை நடக்கவில்லை. பாரெட்டும் இல்லை, ஃபிஷரும் இல்லை, ஃபிளாரன்ஸ் மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

மாதிசன் 2013 ஜூன் 23 அன்று, 87 வயதில் இறந்தார். 'ஐ ஆம் லெஜண்ட்' மூன்று முறை படமாகியிருக்கிறது: 1964, 1971, 2007. முதல் படத்தின் திரைக்கதை மாற்றப்பட்ட விதம் பிடிக்காமல், தன் பெயருக்குப் பதிலாக லோகன் ஸ்வான்சன் என்ற புனைபெயரைப் போட்டுக்கொண்டார். அதுதான் நாவலுக்கு மிக அருகில் இருக்கிற படம் என்பது வேறு விஷயம். 2007இல் திரையரங்குகளுக்கு வந்த வடிவத்தில் கதாநாயகன் மருந்தைக் கண்டுபிடித்து, அதைக் காப்பாற்ற உயிரையும் கொடுத்து, மனித இனத்தின் ரட்சகனாகிறான். புத்தகத்தில் அவன் யாரையும் ரட்சிக்கவில்லை. சிறையறையின் ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறான், கூட்டம் அவனைக் கண்டு பயப்படுகிறது. அந்தப் பயம் நியாயமானது என்று அவனுக்கே புரிகிறது. படம் பார்த்தாயிற்று என்று நாவலை விட்டவர்கள் இந்தக் கதையை இன்னும் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். சிறிய புத்தகம்தான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அதைப் படித்த பிறகு 'ஹெல் ஹவுஸ்' போங்கள்.